ஆன்செல்மோவின் முதுகும் மஞ்சள் கயாக்கும்

பயப்படக் கூடாது என்று ஆன்செல்மோ கார்கமோ முடிவெடுத்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டேகால். எட்டரைக்கு அந்த முடிவு செத்துப்போனது. சமையலறையிலிருந்து அவன் மனைவி எதெல்மிரா, "கிழவா, இங்க வா!" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

"கிழவா" என்றதற்கு எதற்குப் பயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் தல்காவே ஊரில் கல்யாணமான மறுநாளே புருஷன் கிழவனாகிவிடுவான். அது செல்லப் பெயர்தான். எதெல்மிரா "கிழவா" என்றால் வானம் தெளிவு. "ஆன்செல்மோ" என்றால் மேகம். "தோன் ஆன்செல்மோ" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டாலோ படகுகளை எல்லாம் கரையேற்றிக் கட்டிவிட வேண்டியதுதான். இருபத்தாறு வருஷத்தில் மூன்றே முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தேதியும் அவனுக்கு மனப்பாடம்.

ஆனால் மனசில் கள்ளம் இருப்பவனுக்கு எல்லாக் கூப்பாடும் மூன்றாவது ரகமாகத்தான் கேட்கும். அவன் மனசில் இருந்த கள்ளமும் சின்னதில்லை. நாலு மீட்டர் நீளம், மஞ்சள் நிறம்.

தீயணைப்புப் படை நடத்திய பரிசுக் குலுக்கலில் எதெல்மிரா ஒரு சீட்டு வாங்கியிருந்தாள். இரண்டாம் பரிசான செம்மறி ஆட்டின் மேல்தான் அவளுக்குக் கண். விழுந்ததோ முதல் பரிசு: ஒரு கயாக், ஒற்றை ஆள் துடுப்புப் படகு. சேதி சொல்ல தீயணைப்புப் படையின் பெலிசாரியோ வீட்டுக்குப் போன் போட்டபோது எடுத்தவன் ஆன்செல்மோ.

"பங்காளி, உன் பொண்டாட்டிக்குப் படகு விழுந்திருக்கு. சொல்லிடு."

"சொல்லிடறேன்" என்றான் ஆன்செல்மோ.

சொல்லவில்லை. ஒரு நாள் தள்ளினான், இரண்டு நாள் தள்ளினான், மூன்று வாரம் ஓடிவிட்டது. இனிமேல் சொன்னால், "மூணு வாரமா என்ன பண்ணிட்டிருந்தே?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்கிற தைரியம் அவன் பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது.

அவன் ஆசைப்பட்டதும் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். எதெல்மிராவுக்குக் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை; கறி அடைத்துப் பொரிக்கிற எம்பனாடாதான் அதில் விசேஷம். அங்கே எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அவள் குரல், வீட்டுக்கு வந்தால் அடுப்புக்கு மேலே அவள் குரல். சுற்றுலா வருகிறவர்கள் கயாக்கில் போவதை அவன் பார்த்திருக்கிறான். காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து, நடுத்தண்ணீரில் ஒரு பேச்சு மூச்சு இல்லாமல்! அதில் முதுகுக்குச் சாய்மானம் வேறு இருந்தது.

முதுகு. அதுதான் அடுத்த பயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் படகுத் துறையில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கும்போது அவன் முதுகில் ஒரு டிஸ்க் நகர்ந்துவிட்டது. ஒன்பது நாள் அசையாமல் கிடந்தான். பிசியோதெரபி டாக்டர் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்: தூக்காதே. குனியாதே. இடுப்பைத் திருகாதே. அந்தக் காகிதத்தை அவனே ஆணி அடித்துச் சமையலறையில் மாட்டினான். (ஆணியை அடித்தது எதெல்மிரா. அவன் பிடித்துக்கொண்டான்.)

அன்றிலிருந்து விறகு பிளப்பது அவள். தண்ணீர் டிரம் நகர்த்துவது அவள். "வாசலைக் கொஞ்சம் பெருக்கேன், கிழவா" என்றால் அவன் சோகமாகக் காகிதத்தின் மூன்றாவது வரியைக் காட்டுவான். பெருக்கினால் இடுப்பு திருகும்.

உண்மையைச் சொன்னால், பத்தில் ஒன்பது பங்கு வலி போன குளிர்காலத்திலேயே போய்விட்டது. மீதி ஒரு பங்கை ஆன்செல்மோ கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தான். அந்த ஒரு பங்கு பொய்யில்லை. எப்போது கடிக்கும் என்று தெரியாது. அது கடித்தாலும் ஆபத்து. அது கடிக்காமல், அவன் படகு தூக்குவதை எதெல்மிரா பார்த்துவிட்டால் அதைவிட ஆபத்து. கொல்லையில் ஆளுயரத்துக்குப் பிளக்காத விறகு கிடந்தது.

அந்த நிலைமையில்தான், "கிழவா, இங்க வா!"

போனான். எதெல்மிரா மாத்தே என்கிற இலைச்சாற்றை உறிஞ்சிவிட்டு, தண்ணீர் ஊற்றி, குடுக்கையை அவனிடம் நீட்டினாள். மேஜைமேல் ஒரு பெரிய தகர டப்பா இருந்தது.

"முதுகு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"இன்னிக்கு எங்கயாவது போறியா?"

மாத்தே தொண்டையில் சுட்டது. "நானா? எங்க போவேன்? இந்த முதுகை வெச்சுக்கிட்டு?"

"இல்ல, தலைய வாரியிருக்கியே, சீப்பால."

"சும்மா, சீப்பு கைல கிடைச்சுது."

எதெல்மிரா அவனைப் பார்த்தாள். அவன் காகிதத்தைப் பார்த்தான்.

"சரி. இந்த டப்பாவுல பன்றிக் கொழுப்பு இருக்கு. ஒரு மணிக்குள்ள கடைக்குக் கொண்டுவந்து குடு. அது வந்தாத்தான் மத்தியானம் எம்பனாடா பொரிக்க முடியும். நான்தான் வேன்ல ஏத்தி வெச்சுட்டுப் போறேன், நீ தூக்கவேணாம். மறந்துடாதே."

"மறப்பேனா!"

"மறக்கமாட்டே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. போனை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். போகலாமா, வேண்டாமா? போனால் அவள். போகாவிட்டால் ஆயுசு முழுக்க அவள். இப்படிப் பயந்து பயந்தே பதினொன்றரை ஆகிவிட்டது. பிறகு யாரோ பின்னால் இருந்து தள்ளிவிட்ட மாதிரி எழுந்து போய் வேனைக் கிளப்பினான்.

மேட்டுத் தெருவில் பெலிசாரியோவின் வைக்கோல் கொட்டகை. கயாக் அங்கே கோணிக்கு அடியில் மூன்று வாரமாக ஒளிந்திருந்தது. பெலிசாரியோ கோணியை உருவினான். அந்த மஞ்சளைப் பார்த்ததும் ஆன்செல்மோ கொட்டகைக் கதவைப் பாதி சாத்தினான்.

"இவ்ளோ மஞ்சளா இருக்குன்னு நீ சொல்லவே இல்லியே, பங்காளி!"

"பொண்ணு பாக்கவா வந்திருக்கே? நேரா கீழக் கரைக்கு ஓட்டிட்டுப் போ. அங்க ஈ காக்கா இருக்காது."

"கடைத்தெரு வழியாத்தானே போகணும்?"

"வேற ரோடு இருக்கா என்ன?"

"அவ பாத்துட்டா?"

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. முதுகு என்ன சொல்லுது?"

"பயமா இருக்குன்னு சொல்லுது."

"அது முதுகு இல்லடா, நீ. இதப் பாரு, வித்தை ஒண்ணும் இல்ல. மொத்தமாத் தூக்கவே கூடாது. ஒரு முனைய மட்டும் கேரியர் மேல சாய்க்கணும். அப்புறம் பின்னாடி போய் மறு முனையப் புடிச்சுத் தள்ளணும். பாதி எடைதான் கையில வரும். அந்தப் பாதியையும் நான் புடிச்சுக்கறேன். நீ ஓரமா நின்னு..."

ஊஊஊ என்று தீயணைப்பு நிலையத்துச் சைரன் ஊதியது.

பெலிசாரியோ கயாக்கை விட்டான். தொப்பியை எடுத்தான். "எங்கயோ தீ, பங்காளி!" என்றான். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போனது.

கொட்டகையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்: ஆன்செல்மோ, கயாக், முதுகு.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் இன்று விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை இந்தப் பயத்தை அவன் வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஒரு முனையைப் பிடித்தான். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, மெதுவாக... க்ளுக்.

ரொம்பச் சின்னச் சத்தம். முதுகுக்குள்ளிருந்து வந்தது. ஆன்செல்மோ அப்படியே நின்றான். மூச்சு விடவில்லை. அசைந்தால் ஒன்பது நாள் படுக்கை, படுக்கையைச் சுற்றிச் சுற்றி எதெல்மிரா, "கொட்டகைல என்ன பண்ணிட்டிருந்தே?" என்ற கேள்வி. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அரை நிமிஷம் கழித்து ஒவ்வொரு விரலாக எடுத்து முனையைத் தரையில் விட்டான். வலி வரவில்லை. எச்சரிக்கை மட்டும்தான்.

அப்போதுதான் அவன் கண் வேனிலிருந்த தகர டப்பாவின் மேல் பட்டது.

எங்கள் தீவில் வீடு மாறுவது என்றால் வீட்டையே மாற்றுவது. மரவீட்டை அப்படியே பெயர்த்துக் கட்டைகள் மேல் வைத்து, பத்து ஜோடி மாடு பூட்டி, ஊரே கூடி அடுத்த மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். வாலிப வயதில் ஆன்செல்மோவுக்கு அதில் ஒரே வேலை: கட்டைகளுக்குக் கொழுப்புத் தடவுவது. அந்தக் கை ராசி அவனை விட்டுப் போகவே இல்லை. நகராத பீரோ, சிக்கிக்கொண்ட கதவு, கல்யாண மோதிரம், எதுவானாலும் தடவிவிடுவான். மாதா கோவில் பெரிய மணி ஆடவில்லை என்று தடவப் போய், அது மூன்று நாள் நிற்காமல் அடித்தது.

"தூக்காதேன்னுதானே டாக்டர் சொன்னார்?" என்று முதுகிடம் கேட்டான். "வழுக்காதேன்னு சொல்லலியே?"

மூடியைத் திறந்தான். வாடை கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. பயத்தில் மூக்கு சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பலகையை வேனின் பின்பக்கம் சாய்த்து, தாராளமாகத் தடவினான். கூரைக்கும் தடவினான். கேரியர் கம்பிகளுக்கும் தடவினான். எம்பனாடா ஞாபகம் வந்தபோது டப்பாவில் பாதிக்கு மேல் காணோம்.

கயாக்கின் மூக்கைப் பலகையில் வைத்து, தரையில் உட்கார்ந்து, கொட்டகைத் தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலாலும் ஒரு உதை விட்டான். அடடா! கயாக் குடுகுடுவென்று பலகையில் ஏறியது. கூரைக்குப் போனது. அங்கேயும் நிற்கவில்லை. முன்கண்ணாடியைத் தாண்டி, பானெட்டில் மூக்கை முட்டி, "இப்ப என்ன?" என்பதுபோல் நின்றது. கயிறு போட்டுப் பின்னால் இழுத்தால் பின்பக்கமாக இறங்கி ஓடியது. மறுபடி உதை. மறுபடி பானெட். நாலாவது தடவைதான் ஒருவழியாக நடுக்கூரையில் தங்கியது.

பின்பக்கக் கயிற்றை நின்றபடியே கட்டினான். முன்பக்கக் கயிற்றைப் பம்பருக்கு அடியில் கட்ட வேண்டும், அதற்குக் குனிய வேண்டும். காகிதத்தின் இரண்டாவது வரி. "பின்னாடி கட்டியிருக்கு, போதும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் போனான். பிரேக் போட்டால் கயாக் முன்னால் எட்டிப் பார்த்தது. வேகம் கொடுத்தால் உள்ளே போனது. ஒவ்வொரு தடவை அந்த மஞ்சள் மூக்கு தலைக்கு மேலே இறங்கும்போதும் அவன் சீட்டிலேயே குறுகினான். குறுகினால் முதுகு முணுமுணுத்தது. நிமிர்ந்தால் ஊர் பார்த்தது. எதற்கென்று பயப்படுவான் மனுஷன்?

வேனில் வானொலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அணைக்கிற திருகு விழுந்து ஐந்து வருஷமாகிறது. மணி பன்னிரண்டரை ஆனதும் செய்தி நேரம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துத் தீவுகளில் போன் எடுக்காத ஆட்களுக்கு வானொலிதான் தபால்காரர். யார் எந்தப் படகில் வருகிறார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் மாட்டை ஓட்டிக்கொண்டு துறைக்கு வர வேண்டும், எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார்கள்.

"தோன் ஆன்செல்மோ கார்கமோவுக்கு" என்றது வானொலி.

ஆன்செல்மோ பிரேக்கை மிதித்தான். தோன்! வானொலி எல்லோரையும் மரியாதையாக "தோன்" போட்டுத்தான் வாசிக்கும். இது வானொலியின் மரியாதையா, எதெல்மிராவின் மரியாதையா?

"...உங்கள் மனைவி தெரிவிப்பது. கொழுப்பு டப்பா இன்னும் கடைக்கு வந்து சேரவில்லை. அவசரமில்லை. ஜாக்கிரதையாக ஓட்டவும்."

"அவசரமில்லையா?" என்று கத்தினான் ஆன்செல்மோ. அவசரமில்லை என்று எதெல்மிரா சொல்லி இந்த ஜன்மத்தில் அவன் கேட்டதில்லை. "ஜாக்கிரதையா ஓட்டவும்னா? ஒரு டப்பா கொழுப்புக்கு எதுக்கு ஜாக்கிரதை?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வேனுக்குப் பின்னால் ஒரு நாய் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வெயில் ஏற ஏறக் கொழுப்பு உருகி, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பின்கதவில் வழிந்தது. வாடை தெருத்தெருவாகப் போயிற்று. மாதா கோவில் மூலையைத் திரும்பும்போது எண்ணிப் பார்த்தான். பதினோரு நாய். இரண்டு, ஓடிக்கொண்டே பின்கதவை நக்கின.

"போங்கடா! ஊரைக் கூட்டாதீங்கடா!" என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினான். கடைத்தெருவுக்குள் திருட்டுத்தனமாக நுழைய நினைத்தவன் ஊர்வலமாக நுழைந்தான்.

அங்கே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பிரேக்கில் கயாக் முன்னால் வந்து, போலீஸ்காரரின் தொப்பியை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

"என்னய்யா இது?"

"கயாக்குங்க."

"அது தெரியுது. இது என்ன, நாய்?"

"அது என்னோடது இல்லீங்க. வழியில சேந்துக்கிச்சு."

"சரக்கு பின்னாடி ஒரு மீட்டர் நீட்டிட்டிருக்கு. சிவப்புத் துணி எங்க? சிவப்புத் துணி கட்டாம வண்டி நகரக் கூடாது."

இதோ, கடைகளின் வாசல். முப்பதடியில் எதெல்மிராவின் கடை. ஆன்செல்மோ வேனுக்குள் துழாவினான். சீட்டுக்கு அடியில் சிவப்பாக ஏதோ கையில் சிக்கியது. வெளியே இழுத்தான். எதெல்மிராவின் ஏப்ரன்; நெஞ்சில் வெள்ளை நூலில் பெரிய சேவல் பூவேலை. ஊரில் அந்த ஏப்ரன் ஒன்றுதான் இருக்கிறது.

"வேற நிறம் ஏதாவது ஒத்துக்குவீங்களா, சார்?"

"கட்டுய்யா!"

கட்டினான். பெண்டாட்டியின் ஏப்ரன் வாலில் பறக்க, பதினோரு நாய் பின்தொடர, பெண்டாட்டியின் கடை வாசல் வழியாக, பெண்டாட்டிக்குத் தெரியாமல் போனான் ஆன்செல்மோ. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் ஸ்டியரிங் இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தான்.

கடையில் வேலைக்காரப் பெண் எம்பனாடா பொரித்துக்கொண்டிருந்தாள். எதெல்மிரா இல்லை.

கொழுப்பு போகவில்லை, எம்பனாடா எப்படிப் பொரிகிறது? எதெல்மிரா எங்கே? ஒரு இடத்தில் இருக்கிற எதெல்மிராவுக்கு அவன் பழகிப்போயிருந்தான். எங்கே என்று தெரியாத எதெல்மிரா எல்லா ஜன்னலிலும் இருந்தாள், எல்லா வாசலிலும் நின்றாள்.

"மறுபடியும் தோன் ஆன்செல்மோ கார்கமோவுக்கு" என்றது வானொலி.

"ஐயோ, அம்மா!"

"உங்கள் மனைவி தெரிவிப்பது. முன்பக்கக் கயிற்றையும் கட்டவும்."

வேனை நடுரோட்டில் நிறுத்திவிட்டான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், வானத்தைக்கூடப் பார்த்தான். பார்க்கிறாள். எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இறங்கினான். குனிந்தால் முதுகு போகும், குனியாவிட்டால் உயிர் போகும். முழங்கால் போட்டு, நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பம்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்கயிற்றைக் கட்டினான். ஒரு நாய் அவன் காதை நக்கியது. அந்த நாள் முழுக்க அவனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

கீழக் கரைக்கு வந்து சேரும்போது ஒன்றரை. கூழாங்கல் கரை. எதிரே கால்வாய், அதற்கு அந்தப் பக்கம் பச்சையாகத் தீவு. ஈ காக்கா இல்லை. ஆன்செல்மோ ஒரு பெருமூச்சு விட்டு, பாதி மூச்சு வெளியே போயிருக்கும்போது, பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள் எதெல்மிரா. காலில் ரப்பர் பூட்ஸ். உடம்பில் ஆரஞ்சு மிதவைச் சட்டை. பக்கத்தில் மோட்டார் சைக்கிள், அதில் சாய்ந்தபடி பெலிசாரியோ.

"வந்துட்டியா, கிழவா? வழியில நாய்த் தொல்லையா?"

ஆன்செல்மோ பெலிசாரியோவைப் பார்த்தான். "பங்காளி... தீ?"

"என்ன தீ?"

"சைரன் ஊதிச்சே!"

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஊதிப் பாக்கற சைரன்டா அது. நீ பொறந்ததுலேருந்து தினமும் ஊதுது. அதைக் கேட்டுத்தானே ஊரே சாப்பாட்டுக்கு உக்காருது!"

உண்மைதான். ஐம்பத்திரண்டு வருஷமாகக் கேட்கிற சைரன். பயத்தில் அவனுக்கு மணியே தெரியாமல் போய்விட்டது.

"மன்னிச்சுக்க, பங்காளி" என்றான் பெலிசாரியோ. "அவங்க நேத்தே கேட்டாங்க, எல்லாத்தையும் சொல்லிட்டேன். நானும் பயப்படற ஆளுதானே?"

ஆன்செல்மோ கடைசி ஆயுதத்தை எடுத்தான். "எதெல்மிரா, நான் தூக்கல. சத்தியமாத் தூக்கல. முதுகு அப்படியேதான் இருக்கு. வழுக்கித்தான் ஏத்தினேன்!"

"தெரியும். நீ தூக்கமாட்டே. இருபத்தாறு வருஷமா நீ எதைத் தூக்கினே? தடவுவே." அவள் வேனைச் சுற்றி வந்து ஏப்ரனை அவிழ்த்தாள். "இது கைக்குக் கிடைச்சுதா? சிவப்புத் துணி இல்லாம மாட்டிக்குவியேன்னுதான் சீட்டுக்கடியில வெச்சேன். சரி, இறக்கு."

"நானா?"

"ஏத்தத் தெரிஞ்சவனுக்கு இறக்கத் தெரியாதா? நீ ஒண்ணும் தூக்கவேணாம்."

கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், கயாக் தானாகவே வழுக்கி இறங்கிக் கூழாங்கல்லில் உட்கார்ந்தது. ஆன்செல்மோவுக்கு நெஞ்சில் ஒரு சின்ன நம்பிக்கை துளிர்த்தது. திட்டவில்லை. கத்தவில்லை. இன்னும் "கிழவா"தான். ஒருவேளை மனசு இளகிவிட்டதோ? துடுப்பை எடுக்கக் கையை நீட்டினான்.

எதெல்மிரா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மேலே ஆணி ஓட்டை.

"பெலிசாரியோ, துடுப்பு எப்படிப் போடறதுன்னு கொஞ்சம் காட்டு."

பெலிசாரியோ காற்றில் துடுப்புப் போட்டான். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று.

"கையாலதானே போடறே?"

"கை எங்க? எல்லாம் இடுப்புதான். இப்படித் திருகணும், அப்படித் திருகணும்."

"அடப்பாவமே!" எதெல்மிரா காகிதத்தைப் புருஷன் முகத்துக்கு நேரே பிடித்து, ஆசையாக, மூன்றாவது வரியின் கீழே விரலை ஓட்டினாள். "இடுப்பைத் திருகாதே. வாசல் பெருக்கவே கூடாத இடுப்பாச்சே, கிழவா! நடுத்தண்ணியில புடிச்சுக்கிட்டா யாரு வந்து தூக்குவா?"

"கொஞ்சமாத்தான் திருகுவேன்..."

"அப்போ திருகலாம்ங்கறியா? பெருக்கலாமா? விறகு பொளக்கலாமா?"

ஆன்செல்மோ வாயைத் திறந்தான். கொல்லையில் ஆளுயரத்துக்குக் கிடந்த விறகு கண்ணில் வந்தது. வாயை மூடினான்.

"சீட்டுல என் பேரு. படகு என் படகு. அக்கரையில என் தங்கச்சி வீடு. இந்தக் கால்வாய்ல துடுப்புப் போட்டு வளந்தவ நான். நாள் பூரா அடுப்பு சத்தம், சட்டி சத்தம், உன் முனகல் சத்தம். எனக்கும் ஒரு மணி நேரம் சத்தமில்லாம இருக்கணும் போல இருக்காதா?" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. பிறகு கயாக்கில் உட்கார்ந்து, இரண்டே போடு, வழுக்கிக்கொண்டு போய்விட்டாள். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, ஒரு பேச்சு மூச்சு இல்லாமல்.

பெலிசாரியோவும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கரையில் ஆன்செல்மோவும் பதினோரு நாயும். சட்டென்று அவனுக்கு உறைத்தது. கத்த யாருமில்லை. கூப்பிட யாருமில்லை. அவன் தேடிய அமைதி தானாகவே வந்திருக்கிறது! பயம் மெல்ல இறங்கியது. பாறையில் சாய்ந்து கண்ணை மூடினான். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அலைச்சத்தம் கேட்டது.

"தோன் ஆன்செல்மோ கார்கமோவுக்கு" என்றது வேன்.

"உங்கள் மனைவி தெரிவிப்பது. அவர் நாலு மணிக்குக் கரை திரும்புவார். படகை ஏற்றத் தயாராக இருக்கவும். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரம், இதே இடம். கொழுப்பு வீணாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். டப்பாவில் இருந்தது போன வருஷத்துக் கெட்டுப்போன கொழுப்பு. வீட்டில் இன்னும் மூன்று டப்பா இருக்கிறது, கோடை முழுக்க வரும்." அறிவிப்பாளர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நேயர்களே, இத்துடன் தோன் ஆன்செல்மோவுக்கான மூன்று செய்திகளும் முடிந்தன. மூன்றையும் அவர் மனைவி இன்று காலை ஏழு மணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்."